தண்டப்பணமா, வெறும் பில்லா?
பிரித்தானியாவில் தனியார் வாகனத் தரிப்பிடக் கட்டணத்தை எதிர்கொள்வது எப்படி?

பிரித்தானியாவில் கடை நடத்துவோர், டெலிவரி வேன் ஓட்டுவோர், டெக்சி ஓட்டுவோர் என நமது ஊர்களைச் சேர்ந்த பலர் இருக்கின்றனர். வியாபார விடயமாகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ இங்கிருந்து சென்று, அங்கே வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டுவோரும் உள்ளனர். இவர்களில் பலருக்கு என்றாவது ஒரு நாள் தபாலில் ஒரு கடிதம் வருகின்றது. அதில் வாகனத்தின் படம் இருக்கும். இலக்கத் தகடு தெளிவாகத் தெரியும். உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் அச்சிடப்பட்டிருக்கும். கீழே, "100 பவுண் செலுத்துக, 14 நாட்களுக்குள் செலுத்தினால் 60 பவுண் போதும்" என்றிருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் நம்மவர்களிடம் இரண்டு விதமான ஆலோசனைகள் கிடைக்கும். ஒருவர், "பொலிஸ், நீதிமன்றம் என்று போய்விடும், பேசாமல் கட்டிவிடுங்கள்" என்பார். இன்னொருவர், "அது தனியார் கம்பனிதானே, கிழித்துப் போடுங்கள், ஒன்றும் நடக்காது" என்பார். இரண்டும் பிழையான ஆலோசனைகளே. முதலாவதைக் கேட்டவர் கொடுக்கத் தேவையில்லாத பணத்தைக் கொடுக்கின்றார். இரண்டாவதைக் கேட்டவர் சில மாதங்களில் 250 பவுணுக்கு மேற்பட்ட நீதிமன்றத் தீர்ப்பொன்றைச் சம்பாதித்துக்கொள்கின்றார்.

வியாபாரிகளாகிய நாம் இதனை விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல. அந்தக் கடிதம் ஒரு தண்டப்பணம் அல்ல. ஒரு கம்பனி இன்னொருவருக்கு அனுப்பும் பில். ஒரு சப்ளையர் நமக்குப் பில் அனுப்பினால் நாம் என்ன செய்வோம்? பயந்துபோய்க் கட்டவும் மாட்டோம், குப்பையில் போடவும் மாட்டோம். ஓடர் கொடுத்தோமா, பொருள் வந்ததா, விலை சரியா, திகதி சரியா என்று பார்ப்போம். சரியென்றால் கட்டுவோம். பிழையென்றால் எழுத்தில் பதில் அனுப்புவோம். இதே ஒழுங்கைத்தான் இங்கும் கையாள வேண்டும்.

ஒரே எழுத்துக்கள், இரண்டு கடிதங்கள்

முதலில் கடிதத்தை அனுப்பியது யார் என்று பார்க்க வேண்டும். மாநகர சபை அனுப்பும் கடிதத்துக்கு 'பெனல்ட்டி சார்ஜ் நோட்டிஸ்' என்று பெயர். தனியார் கம்பனி அனுப்புவதற்கு 'பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்' என்று பெயர். சுருக்கினால் இரண்டும் 'பீ.சீ.என்.' ஆகிவிடும். கடிதத்தின் அமைப்பு, நிறம், கறுப்பு மஞ்சள் கோடுகள் எல்லாம் கூட ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கக்கூடும். இந்தக் குழப்பம்தான் பலரைப் பயமுறுத்துகின்றது.

மாநகர சபையின் கடிதம் சட்டத்தின் அதிகாரத்தோடு வருவது. அதற்கு எதிரான மேன்முறையீட்டு வழி வேறு. இக்கட்டுரை அதைப் பற்றியதல்ல. சுப்பர் மார்க்கட், வைத்தியசாலை, ஹோட்டல், தொடர்மாடி வீடுகள் போன்ற தனியார் காணிகளில் தரிப்பிடத்தை நடத்தும் கம்பனிகள் அனுப்பும் கடிதம் பற்றியே இங்கு பேசுகின்றோம். இவை ஒரு வருடத்தில் ஒரு கோடிக்கும் மேல் அனுப்பப்படுகின்றன. வாகனப் பதிவுத் திணைக்களமான டீ.வீ.எல்.ஏ.யிடம் இரண்டரைப் பவுண் செலுத்தித்தான் இந்தக் கம்பனிகள் வாகனத்தின் பதிவில் உள்ளவரின் பெயரையும் விலாசத்தையும் பெறுகின்றன. அதற்கு அவை பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன், இன்டர்நெஷனல் பார்க்கிங் கொமியூனிட்டி என்ற இரண்டு சங்கங்களில் ஒன்றில் அங்கத்துவம் பெற்றிருக்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கம்பனிகள் வாகனத்தின் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. 2012 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் காணிகளில் அவ்வாறு பூட்டுவது தடைசெய்யப்பட்டது. அதே சட்டம்தான், கம்பனிகளுக்குப் பதிலாக இன்னொரு வசதியைக் கொடுத்தது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

அறிவித்தல் பலகைதான் ஒப்பந்தம்

தனியார் கம்பனிக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. அப்படியானால் எந்த அடிப்படையில் பணம் கேட்கின்றது? ஒப்பந்தத்தின் அடிப்படையில். தரிப்பிடத்தில் உள்ள அறிவித்தல் பலகை, "இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு இங்கே நிறுத்தலாம், மீறினால் இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு பேச்சை முன்வைக்கின்றது. அதைப் பார்த்து, வாகனத்தை அங்கே விட்டுச் செல்வதன் மூலம் சாரதி அதற்குச் சம்மதிக்கின்றார். கையொப்பம் இல்லாத கொடுக்கல் வாங்கல் இது.

ஆகவே எல்லாமே பலகையில் தங்கியிருக்கின்றது. பலகை இல்லையென்றால், அல்லது அது தெரியாத இடத்தில் இருந்தால், ஒப்பந்தமே இல்லை என்று வாதிடலாம். ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்குப் பழைய தீர்ப்புகள் உள்ளன.

இலண்டன் ஷூ லேன் பகுதியிலிருந்த தரிப்பிடம் ஒன்றில் காரை நிறுத்திய ஓர் இசைக் கலைஞர், காரை எடுக்கத் திரும்பி வந்தபோது அங்கு ஏற்பட்ட விபத்தில் காயமடைந்தார். காயங்களுக்குப் பொறுப்பில்லை என்று உள்ளே ஒட்டியிருந்த நிபந்தனையைக் கம்பனி காட்டியது. 1970இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் டெனிங் பிரபு அதை ஏற்கவில்லை. இயந்திரம் டிக்கட்டை நீட்டும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதற்குப் பின் காட்டப்படும் நிபந்தனை செல்லாது என்பதே அவரது நியாயம். பொருளை விற்று முடித்த பின் பில்லின் பின்பக்கத்தில் புது நிபந்தனை எழுத முடியாது என்பது வியாபாரிக்குத் தெரிந்த விடயம்தானே.

2000ஆம் ஆண்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. திடீரெனச் சுகவீனமுற்ற பெண் ஒருவர் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினார். அருகில் நின்ற பெரிய வாகனம் அறிவித்தலை மறைத்திருந்தது. திரும்பி வந்தபோது அவரது காரின் சக்கரம் பூட்டப்பட்டிருந்தது. அவர் அறிவித்தலைக் காணவில்லை, ஆகவே சம்மதிக்கவும் இல்லை என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பலகை தெளிவாகத் தெரியும் இடத்தில் இருந்தால், 'நான் பார்க்கவில்லை' என்று சொல்வது மட்டும் இலகுவில் எடுபடாது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே அடங்கியுள்ளது.

பீவிஸ் வழக்கு

'கிழித்துப் போடுங்கள்' என்பவர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு இது. பரி பீவிஸ் என்பவர் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்கும் கடையொன்றின் சொந்தக்காரர். 2013 ஏப்ரலில் செம்ஸ்போர்ட் நகரில் ஒரு கடைத் தொகுதியின் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினார். இரண்டு மணித்தியாலம் இலவசம். அவர் 56 நிமிடங்கள் அதிகமாக நின்றார். பார்க்கிங் ஐ என்ற கம்பனி 85 பவுண் கேட்டது. 14 நாட்களுக்குள் என்றால் 50 பவுண்.

கம்பனிக்கு ஒரு சதம்கூட நட்டம் ஏற்படவில்லை, நட்டமில்லாமல் கேட்கும் பணம் வெறும் தண்டனையே, தண்டனை விதிக்கும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று பீவிஸ் வாதிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2015 நவம்பர் 4ஆம் திகதி ஏழு நீதியரசர்களில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். கடைகளுக்கு வருவோருக்கு இடம் சுழற்சியாகக் கிடைக்க வேண்டும் என்பதில் காணிச் சொந்தக்காரருக்கும் கம்பனிக்கும் நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண் அதற்கு மிதமிஞ்சிய தொகையல்ல, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் பல இடங்களில் இருந்தன என்பன அவர்கள் சொன்ன காரணங்கள்.

இந்தத் தீர்ப்பைக் கம்பனிகள் தமது கடிதங்களில் அடிக்கடி எடுத்துக் காட்டும். 'நட்டமே இல்லாமல் இவ்வளவு பணமா?' என்ற ஒரே வாதத்தோடு இனி வெல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் தீர்ப்பின் மறுபக்கத்தையும் பாருங்கள். பலகை தெளிவாக இருந்ததும் அறவிட நியாயமான நோக்கம் இருந்ததும் கம்பனி வென்றதற்கான காரணங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லாத இடத்தில் பீவிஸ் தீர்ப்பு கம்பனிக்கு அவ்வளவு உதவாது.

வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டிய ஒரு தகவலும் அந்த வழக்கில் வெளிவந்தது. அந்தத் தரிப்பிடத்தை நடத்துவதற்காகக் கம்பனிதான் காணிச் சொந்தக்காரருக்கு வாரத்துக்கு 1,000 பவுண் கொடுத்துக்கொண்டிருந்தது. வருடத்துக்கு 52,000 பவுண். தரிப்பிடமோ இலவசம். அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? எல்லோரும் 85 பவுண் வீதம் கட்டினாலும் சுமார் 612 பேர் வேண்டும். 50 பவுண் வீதம் கட்டினால் 1,040 பேர் வேண்டும். சம்பளம், கமரா, இலாபம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நிபந்தனையை யாரும் மீறாவிட்டால் இந்த வியாபாரம் ஓடாது. கடிதம் ஏன் இவ்வளவு வேகமாகவும் கடுமையாகவும் வருகின்றது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

14 நாள் கணக்கு

ஒப்பந்தம் செய்தவர் சாரதி. ஆனால் கம்பனிக்குத் தெரிவது பதிவில் பெயருள்ளவரின் விலாசம் மட்டுமே. வேன் தந்தையின் பெயரில் இருக்கும், மகன் ஓட்டியிருப்பார். கம்பனியின் பெயரில் இருக்கும், ஊழியர் ஓட்டியிருப்பார். 2012ஆம் ஆண்டுச் சட்டம் இங்குதான் கம்பனிகளுக்கு வசதி செய்து கொடுத்தது. சாரதி யாரென்று தெரியாவிட்டால் பதிவில் பெயருள்ளவரிடமே பணத்தைக் கேட்கலாம் என்று அது சொல்கின்றது. ஆனால் அதற்கு இறுக்கமான நிபந்தனைகள் உண்டு.

கண்ணாடியில் டிக்கட் எதுவும் ஒட்டாமல், கமராவை மட்டும் வைத்துக் கடிதம் அனுப்புவதானால், அது வாகனம் நிறுத்தப்பட்ட நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் இட்ட நாள் அல்ல, சேர்ந்த நாளே கணக்கு. தபாலில் இட்ட பின் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உதாரணமாக, மார்ச் 3ஆம் திகதி வாகனம் நிறுத்தப்பட்டிருந்தால் கடைசி நாள் மார்ச் 17. கடிதம் 16ஆம் திகதி தபாலில் இடப்பட்டிருந்தால் 18ஆம் திகதிக்கு முன் சேர்ந்ததாகக் கொள்ளப்படாது. பிந்திவிட்டது.

கண்ணாடியில் டிக்கட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அந்த நாளிலிருந்து 28 நாட்கள் கழிந்த பின்னரும் 56 நாட்கள் முடிவதற்கு முன்னரும் பதிவில் பெயருள்ளவருக்குக் கடிதம் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தத் திகதிகள் பிழைத்தால், அல்லது கடிதத்தில் சட்டம் கேட்கும் விபரங்கள் இல்லாவிட்டால், பதிவில் பெயருள்ளவர் பொறுப்பாளியல்ல. கம்பனி சாரதியைத்தான் தேட வேண்டும். சாரதி யாரென்று கம்பனிக்குச் சொல்லும் சட்டக் கடமை பதிவில் பெயருள்ளவருக்கு இல்லை. எனவே பதில் எழுதும்போது 'நான் நிறுத்தினேன்', 'எனக்கு அவசரமாக இருந்தது' என்று எழுதி இந்தப் பாதுகாப்பை நாமே இழந்துவிடக் கூடாது. 'வாகனத்தின் பதிவில் பெயருள்ளவன் என்ற முறையில் எழுதுகின்றேன்' என்று ஆரம்பித்து, 'சாரதி' என்றே குறிப்பிட வேண்டும். இதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை, பொய் சொல்லவும் கூடாது. கேட்கப்படாததை வலிந்து சொல்லாமல் இருப்பது வேறு, ஓட்டியவரை மாற்றிச் சொல்வது வேறு.

விமான நிலையம், ரயில் நிலையம் போன்று தனிச் சட்ட விதிகளின் கீழ் வரும் காணிகளுக்கு இந்தப் பொறுப்பு மாற்றம் பொருந்தாது. மேலே சொன்ன திகதிக் கணக்கு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

சாதாரண நுகர்வோரை விட வியாபாரிக்கு இந்தப் பிரச்சினை அதிகம். தினமும் பல இடங்களில் நிறுத்த வேண்டியவர் அவர்.

சாமான் இறக்குதல்: ஏற்றி இறக்குவதற்காகச் சிறிது நேரம் நிற்பதும் பார்க்கிங்கா? 2016இல் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றத்தில் மேன்முறையீடு ஒன்று விசாரிக்கப்பட்டது. தொடர்மாடி வீட்டில் குடியிருந்தவர் தளபாடம் இறக்குவதற்காக வாசலருகே சில நிமிடங்கள் காரை நிறுத்தியிருந்தார். இறக்குவதற்காக நிற்பது பார்க்கிங் அல்ல என்று நீதிபதி தீர்ப்பளித்தார். மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல என்றாலும் எடுத்துக் காட்டத் தக்கது. ஆனால் பலகையில் 'நிறுத்தவே கூடாது' என்றிருந்தால் நிலைமை வேறு. டெலிவரி பற்றுச்சீட்டில் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

இரண்டு தடவை போய் வருதல்: கமரா உள்ளே வரும் வாகனத்தையும் வெளியே போகும் வாகனத்தையும் படம் பிடிக்கின்றது. காலையில் கேஷ் அன்ட் கெரிக்குப் போய்ச் சாமான் எடுத்து, கடையில் இறக்கிவிட்டு, பிற்பகலில் மீண்டும் போனால், முதல் வருகையையும் கடைசி வெளியேற்றத்தையும் மட்டும் சேர்த்து ஆறு மணித்தியாலம் நின்றதாகக் கணக்குக் காட்டப்படும் சம்பவங்கள் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் வேறிடத்தில் வாங்கிய பெற்றோல் பில், கடன் அட்டைப் பதிவு, தொலைபேசியின் பயணப் பதிவு ஆகியன இதற்கு மறுக்க முடியாத ஆதாரங்கள்.

சில நிமிடங்கள்: இரு சங்கங்களும் சேர்ந்து வெளியிட்டு 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பொதுக் கோவைப்படி, அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்த பின் வெளியேற 10 நிமிட அவகாசம் கொடுக்க வேண்டும். உள்ளே வந்தவர் பலகையை வாசித்து, நிற்பதா போவதா என்று தீர்மானிப்பதற்கும் தனி அவகாசம் உண்டு. கமரா உள்ள தரிப்பிடத்தில், பணம் கட்ட ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தார் என்பதற்காக, போகுமுன் முழுத் தொகையையும் கட்டிவிட்டவரிடம் மேலதிகமாக அறவிடக் கூடாது என்ற மாற்றம் 2025 பெப்ரவரியில் சேர்க்கப்பட்டது. டர்பி நகரில் இந்த ஐந்து நிமிடக் காரணத்தைக் காட்டி ஒரு பெண்ணிடம் 1,906 பவுண் கேட்கப்பட்டு, பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டதை அடுத்தே இம்மாற்றம் வந்தது.

இயந்திரத்தில் இலக்கப் பிழை: பணம் கட்டும்போது வாகன இலக்கத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டால், பற்றுச்சீட்டைக் காட்டி மேன்முறையீடு செய்தால் கட்டணத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்பதும் கோவையில் உள்ளது.

நுகர்வோர் சட்டம்: நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராக 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் நல்ல பாதுகாப்புத் தருகின்றது. ஆனால் அது நுகர்வோருக்கு மட்டுமே. கடைச் சாமான் இறக்கச் சென்ற வேனுக்கு அந்தச் சட்டத்தைக் காட்டினால் எடுபடாது. வியாபாரி பலகை, திகதி, நேரம், ஆதாரம் ஆகியவற்றையே நம்ப வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

1. முதல் நாளே ஆதாரத்தைச் சேருங்கள். முடிந்தால் அன்றே அந்த இடத்துக்குப் போய், வாகனத்தின் ஆசனத்திலிருந்து பார்த்தால் பலகை தெரிகின்றதா, இரவில் வெளிச்சம் உண்டா, எழுத்தின் அளவு என்ன, தொகை தெளிவாக எழுதப்பட்டுள்ளதா என்று படமெடுங்கள். மரக்கிளை மறைத்த பலகையைப் பிறகு வெட்டித் துப்புரவாக்கிவிடுவார்கள். கடித உறையையும் எறிந்துவிடாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில் இருக்கக்கூடும்.

2. கடை முகாமையாளரிடம் பேசுங்கள். பலர் தவறவிடும் படி இது. தரிப்பிடக் கம்பனியை அமர்த்தியது கடையோ காணிச் சொந்தக்காரரோதான். நீங்கள் அங்கே பொருள் வாங்கிய வாடிக்கையாளர் என்றால் பில்லைக் காட்டி, ரத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வாடிக்கையாளரை இழக்க எந்த வியாபாரியும் விரும்புவதில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை, வாகனம் பழுதாகிவிட்டது போன்ற மனிதாபிமானக் காரணங்களுக்கு உரிய இடமும் இதுவே.

3. கம்பனிக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். வழமையாக 28 நாள் அவகாசம் உண்டு. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எந்தக் காரணத்தால் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதை இலக்கமிட்டு எழுதுங்கள். காணிச் சொந்தக்காரரிடமிருந்து அதிகாரம் பெற்றதற்கான எழுத்து மூல ஆதாரத்தையும், அன்றைய பலகையின் படத்தையும் கேளுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

4. மறுத்தால் சுயாதீன நடுவரிடம் செல்லுங்கள். முதலாவது சங்கத்தின் அங்கத்துவக் கம்பனி என்றால் 'பொப்லா', இரண்டாவது சங்கத்தின் கம்பனி என்றால் 'ஐ.ஏ.எஸ்.' எவரிடம், எத்தனை நாட்களுக்குள் செல்ல வேண்டும் என்பது மறுப்புக் கடிதத்தில் இருக்கும். பொப்லாவுக்குக் கட்டணம் இல்லை. அதன் முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே அனுதாபக் கதை எடுபடாது. பலகை, திகதி, அதிகாரம், நேரம் என்பனவே பார்க்கப்படும். நடுவரிடம் சென்று தோற்றால் 40 வீதக் கழிவு கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

5. பில் சரியென்றால் கட்டிவிடுங்கள். பலகை தெளிவு, நேரம் அதிகம், கடிதம் உரிய காலத்தில் வந்துள்ளது, சொல்ல நியாயமில்லை என்றால், 14 நாட்களுக்குள் குறைந்த தொகையைக் கட்டி முடிப்பதே இலாபம். நியாயமற்ற கட்டணத்தை எதிர்ப்பதற்குத்தான் இந்த வழிகள், நியாயமான கடனிலிருந்து தப்புவதற்கல்ல.

நீதிமன்றக் கடிதம் வந்தால்

இடையில் கடன் அறவிடும் கம்பனிகளின் கடிதங்கள் சிவப்பு எழுத்தில் வரும். தீர்ப்பு இல்லாமல் அவர்கள் வீட்டுக்கு வந்து பொருட்களைத் தூக்க முடியாது. 70 பவுண் வரை மேலதிகமாகவும் சேர்ப்பார்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பதிவில் பெயருள்ளவரிடம் கேட்கக்கூடிய ஆகக் கூடிய தொகை, அவருக்கு அனுப்பிய முதல் அறிவித்தலில் உள்ள தொகையே என்பதை எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் வழக்குத் தொடரப் போவதாக முறையான அறிவித்தல் வந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது. தனிநபருக்கும், தனி ஆளாக வியாபாரம் செய்பவருக்கும் பதிலளிக்க 30 நாட்கள் கொடுக்க வேண்டும். அதன் பின் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து வழக்குப் பத்திரம் வந்தால் நாட்கள் மிக முக்கியம். அது கையளிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பெற்றுக்கொண்டதாக முதலில் அறிவித்தால் மறுப்பைச் சமர்ப்பிக்க மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும்.

பதிலே கொடுக்காவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு விழும். 100 பவுணோடு 70 பவுண், நீதிமன்றக் கட்டணம் 35 பவுண், சட்டத்தரணிக் கட்டணம் 50 பவுண் என்று சேர்ந்து 255 பவுணாகிவிடும். அதைவிடப் பெரிய நட்டம் வேறு. ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால் தீர்ப்பு ஆறு வருடங்களுக்குக் கடன் பதிவில் நிற்கும். வங்கிக் கடன், கடைக் குத்தகை, சப்ளையரிடம் தவணைக்குச் சாமான் எடுப்பது எல்லாவற்றுக்கும் அது தடையாக வந்து நிற்கும். 60 பவுண் பில்லுக்காக ஆறு வருடம் நம்பிக்கையை இழப்பது எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது.

இத்தகைய தீர்ப்புகளில் பல, கடிதமே கிடைக்காதவர்களுக்கு எதிராக விழுந்தவை. வீடு மாறியவர் வாகனப் பதிவில் விலாசத்தை மாற்றியிருக்க மாட்டார். எல்லாக் கடிதங்களும் பழைய வீட்டுக்கே போகும். பிறகு அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரும் விண்ணப்பத்துக்கே 300 பவுணுக்கு மேல் கட்ட வேண்டும். வீடோ கடையோ மாறினால் முதல் வேலையாக வாகனப் பதிவில் விலாசத்தை மாற்றுங்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தால் அது சிறு கோரிக்கை வழக்காகவே நடக்கும். சட்டத்தரணி இல்லாமல் தாமே பேசலாம். தோற்றாலும் மறுதரப்பின் பெரும் சட்டச் செலவு தலையில் விழுவது வழமையல்ல. 2024 மே மாதத்திலிருந்து இத்தகைய வழக்குகளில் விசாரணைக்கு முன் தொலைபேசி மூலமான இலவச இணக்கப் பேச்சு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

வாடகைக் கார் எடுத்தால்

இங்கிருந்து செல்வோர் கவனிக்க வேண்டியது இது. கடிதம் முதலில் வாடகைக் கம்பனிக்கே போகும். அது உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, நிர்வாகச் செலவென்று உங்கள் கடன் அட்டையில் ஒரு தொகையை அறவிடலாம். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் இது பற்றிய நிபந்தனையை வாசியுங்கள். வாடகைக் கம்பனியே கட்டணத்தையும் கட்டிவிட்டால் மறுத்துரைக்கும் சந்தர்ப்பம் கைநழுவும். ஆகவே, 'கட்ட வேண்டாம், என் பெயரைக் கொடுங்கள்' என்று எழுத்தில் அறிவிப்பது நல்லது. சாரதி யாரென்று தெரியாத நிலையில் வாடகைக்கு எடுத்தவரைப் பொறுப்பாளியாக்க வேண்டுமானால், வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட பத்திரத்தின் பிரதியையும் கடிதத்தோடு இணைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. அவை இணைக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

தரிப்பிடத்தின் சொந்தக்காரர் நீங்களானால்

கடைக்கு முன் நான்கைந்து வாகனங்கள் நிற்கும் இடம் வைத்திருக்கும் நம்மவர்களிடமும் இத்தகைய கம்பனிகள் வரும். 'உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை, நாங்களே கமரா பூட்டுகின்றோம்' என்று சொல்வார்கள். செலவில்லாத சேவைக்கு யார் பணம் கொடுக்கின்றார்கள் என்பதை மேலே சொன்ன 52,000 பவுண் கணக்கு காட்டியது. கொடுப்பவர் உங்கள் வாடிக்கையாளர்.

வெளியாட்கள் நாள் முழுக்க வாகனத்தை விட்டுச் செல்வது உண்மையான தலையிடி என்றால் கம்பனியை அமர்த்துவதில் பிழையில்லை. ஆனால் கையொப்பமிடுமுன் மூன்று விடயங்களை எழுத்தில் பெறுங்கள். வாடிக்கையாளருக்கு வந்த கட்டணத்தைச் செலவின்றி ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். இலவச நேரம் உங்கள் வியாபாரத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். பலகைகளின் அளவும் இடமும் உங்கள் சம்மதத்தோடு அமைய வேண்டும். வாரா வாரம் வந்து 40 பவுணுக்குச் சாமான் வாங்கும் ஒருவர், 100 பவுண் கடிதம் ஒன்றுக்குப் பிறகு எதிர்க் கடைக்குப் போய்விட்டால், வருடத்துக்கு 2,080 பவுண் வியாபாரம் போய்விடுகின்றது. அந்தக் கடிதத்தில் உங்கள் கடையின் பெயர் இல்லாவிட்டாலும் அவர் கோபிப்பது உங்களோடுதான்.

சட்டம் எங்கே நிற்கின்றது?

இந்தத் துறையை ஒழுங்குபடுத்த பிரித்தானியப் பாராளுமன்றம் 2019இலேயே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2022 பெப்ரவரியில் அரசு வெளியிட்ட கோவை, கட்டணத்தைப் பெரும்பாலும் 50 பவுணாகக் குறைக்க முனைந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றதை அடுத்து அதே வருடம் ஜூனில் அது வாபஸ் பெறப்பட்டது. 2025 ஜூலையில் புதிய கோவைக்காக அரசு மீண்டும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், கடிதம் கிடைக்கும் நாளில் உள்ள விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொகை பெரிதானாலோ வழக்கு வந்துவிட்டாலோ அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடமோ இலவச ஆலோசனை நிலையமான சிட்டிசன்ஸ் எட்வைஸிடமோ கேட்பது நல்லது.

உறவினர் ஒருவர் அங்கிருந்து தொலைபேசியில், 'இப்படி ஒரு கடிதம் வந்திருக்கின்றது, என்ன செய்ய?' என்று கேட்டால், கட்டச் சொல்லவும் வேண்டாம், கிழிக்கச் சொல்லவும் வேண்டாம். 'கடிதத்தில் என்ன திகதி? பலகையைப் படமெடுத்தாயா?' என்று முதலில் கேளுங்கள்.